மங்கு, களிம்பு, சிவப்பழகு



2018 மார்ச் மாதம் மத்திய அரசு மருந்து விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது என்றது அந்தத் திருத்தம். அதுவரை பெயரைச் சொன்னால் போதும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவர்கள் கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் மட்டும் வாங்கவில்லை. கன்னத்தில் விழுந்த மங்குக்கு வாங்கினார்கள், பருவுக்கு வாங்கினார்கள், பரு போன இடத்துக் கறுப்புக்கு வாங்கினார்கள். ஒரு குறையும் இல்லாத முகம் இன்னும் கொஞ்சம் சிவப்பாக வேண்டும் என்பதற்காகவும் வாங்கினார்கள்.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. நாட்டின் 12 தோல் மருத்துவ மையங்களுக்கு முகத் தொல்லையோடு வந்த 2,926 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. அவர்களில் 433 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 29 விழுக்காட்டினர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவோ, சவரம் செய்தபின் தடவுவதாகவோ, சும்மா அன்றாடம் பூசுவதாகவோ வைத்துக்கொண்டவர்கள். பத்தில் ஆறு பேருக்கு அந்தக் களிம்பைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. தோழி சொன்னார், உறவினர் சொன்னார், அழகுநிலையத்தில் சொன்னார்கள், கடைக்காரர் சொன்னார்.

இந்தக் களிம்பு முகத்தில் என்ன செய்கிறது? முதல் இரண்டு வாரம் அற்புதம் செய்கிறது. ரத்தக்குழாய்கள் சுருங்கி முகம் வெளுக்கிறது, அரிப்பும் சிவப்பும் அடங்குகின்றன, மங்கின் கறுப்பு குறைகிறது. பூசியவர் மகிழ்ந்துபோய் இரண்டாவது ட்யூப் வாங்குகிறார், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்கிறார். சில மாதங்களில் தோல் மெலிந்து, அடியில் ஓடும் ரத்தக்குழாய்கள் சிவந்த நூல்களாகத் தெரியத் தொடங்குகின்றன. பருக்கள் கிளம்புகின்றன, கன்னத்தில் பூனைமுடி அடர்கிறது, வெயிலில் நடந்தாலே முகம் எரிகிறது. பயந்துபோய் நிறுத்தினால் சில நாள்களிலேயே முகம் சிவந்து வீங்கிக் கொதிக்கிறது. அந்த எரிச்சலைத் தாங்க முடியாமல் மறுபடியும் அதே களிம்பைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கொல்கத்தா மருத்துவர்கள் கௌசிக் லாஹிரியும் அரிஜித் கூண்டூவும் 2008-ல் இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்ற பொருளில் தனிப்பெயரே வைத்தார்கள். ஒரு நாட்டில் ஒரு களிம்பின் துர்ப்பயனுக்கு நோய்ப்பெயர் சூட்ட வேண்டிவந்தது என்றால், அந்தக் களிம்பு எத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கறுத்த திட்டு ஒன்றுக்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம். பத்துக்கும் ஒரே களிம்பைக் கேட்கிற பழக்கத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அதனால் காரணங்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மெலனோசைட்டும் தன் நீண்ட கைகள் வழியாகச் சுற்றியுள்ள ஏறத்தாழ 36 செல்களுக்கு மெலனினைச் சிறுசிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. பெற்றுக்கொண்ட செல், தன் உட்கருவுக்குமேல் அதைக் குடையாகப் பிடித்துக்கொள்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடாமல் காப்பது அந்தக் குடைதான். நார்வேக்காரருக்கும் நாகர்கோவில்காரருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. பொட்டலங்கள் எவ்வளவு பெரியவை, எத்தனை, எவ்வளவு நாள் கரையாமல் நிற்கின்றன என்பதில்தான் நிறத்தின் வேறுபாடு இருக்கிறது. கறுத்த தோலில் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே கறுப்பும் மாநிறமும் மருந்து போட வேண்டிய கோளாறுகள் ஆகா. கோளாறு என்பது ஒருவருடைய சொந்த நிறத்திலிருந்து ஓரிடம் மட்டும் விலகிப்போவது.

மெலனினைச் சமைப்பது டைரோசினேஸ் என்ற நொதி. அதன் நடுவில் செம்பு அணுக்கள் இருக்கின்றன. நிறத்தைக் குறைப்பதாக விற்கப்படும் நல்ல மருந்துகளும் நச்சுப்பொருள்களும் பெரும்பாலும் இந்த ஒரு நொதியைத்தான் குறிவைக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல செய்திகள் எளிதில் விளங்கும்.

இனி மங்கு. இரண்டு கன்னமேடுகளிலும் ஒரே அளவில், நெற்றியில், மூக்குத்தண்டில், மேலுதட்டுக்கு மேலே பழுப்பாகப் படர்வது. பெண்களுக்கே மிகுதி, ஆண்களுக்கும் உண்டு. குடும்பவாகு ஒரு காரணம், கர்ப்பகாலத்து ஹார்மோன்கள் ஒரு காரணம், கருத்தடை மாத்திரை ஒரு காரணம். இவற்றையெல்லாம் தூண்டிவிடுவது வெயில். கர்ப்பத்தில் வந்த மங்கு, பிள்ளை பிறந்து சில மாதங்களில் தானாகவே வெளிறிப்போவதும் உண்டு. ஆறேழு மாதம் பொறுத்தால் போய்விடக்கூடியதற்கு அவசரப்பட்டுக் களிம்பு பூசி, ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெயில் என்றவுடன் புற ஊதாக் கதிர் மட்டும்தான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். டெட்ராய்ட் நகர மருத்துவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் காட்டியது. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண ஒளியே கறுத்த, மாநிறத் தோல்களில் நிறமியைக் கூட்டுகிறது, அந்தக் கறுப்பு பல நாள் நிற்கிறது. வெளுத்த தோலில் அந்த விளைவு தெரியவில்லை. வெள்ளைக்காரருக்காகச் செய்த சன்ஸ்கிரீனைப் பூசியும் மங்கு போகவில்லையே என்று நம் ஊர்ப் பெண்கள் சொல்லும் குறைக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்து, லேசான பழுப்பு நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் தடுக்கிறது. மங்கு உள்ளவர்களுக்கு அது கூடுதல் பலன் தருவதை மெக்சிகோவில் நடந்த ஆய்வும் உறுதிசெய்தது. செல்போன் திரையின் ஒளியால் மங்கு வரும் என்று சொல்லி விற்கப்படும் க்ரீம்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வெயிலுக்கு முன்னால் அந்த ஒளி எம்மாத்திரம்!

சன்ஸ்கிரீனைப் பூசும் அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அட்டையில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், ஒரு சதுர செ.மீ.க்கு 2 மி.கி. பூசினால் கிடைக்கும் பாதுகாப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் ட்யூபைப் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் ஆன அளவு. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்த்தால் எண் 50 என்று போட்டிருந்தும் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். நாளெல்லாம் வயலிலும் உப்பளத்திலும் நூறுநாள் வேலையிலும் நிற்கிறவர்களால் மணிக்கணக்கு வைத்துப் பூச முடியாது, விலையும் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு அகன்ற தொப்பியும் முந்தானையை முகம் மறையக் கட்டுவதும் எந்தக் களிம்புக்கும் குறைந்த பாதுகாப்பு ஆகாது.

மங்குக்கான மருந்துகளின் கதை விசித்திரமானது. 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்களின் கைகள் திட்டுத் திட்டாக வெளுத்தன. அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில், ரப்பர் கெடாமலிருக்கக் கலந்த ஹைட்ரோகுயினோன் வகை ரசாயனம்தான் காரணம் என்று 1939-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். தொழிலாளிக்கு வந்த அந்தக் கேட்டிலிருந்துதான் நிறம் குறைக்கும் மருந்துகளின் ஒரு பெருங்கிளை முளைத்தது. ஹைட்ரோகுயினோன் டைரோசினேஸைத் தடுக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் 1975-ல் அதோடு ட்ரெட்டினாயின் என்ற மருந்தையும் ஒரு ஸ்டீராய்டையும் சேர்த்து மூன்றும் கலந்த களிம்பு ஒன்றை அறிவித்தார். அளவுகளை மாற்றி அந்தக் கலவையே இன்றுவரை மங்குக்கு முதன்மை மருந்தாக இருக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில், இரவில் மட்டும், திட்டின்மேல் மட்டும், சில வாரங்கள் பூசி நிறுத்த வேண்டியது அது. நம் ஊரில் அதைத்தான் முகம் முழுக்க, ஆண்டுக்கணக்கில் பூசினார்கள். உள்ளே இருக்கும் ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்டியது.

ஹைட்ரோகுயினோனையும் அளவில்லாமல் பூசினால் எதிர்விளைவுதான். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினப் பெண்கள் வெளுப்பதற்காகப் பல ஆண்டுகள் அதைப் பூசினார்கள். கன்னங்களில் நீலம் கலந்த கறுப்பு, கேவியர் என்ற மீன்முட்டைகளைப் பரப்பினாற்போல, படிந்துவிட்டது. அது போவதே இல்லை. 1975-ல் அங்கே இதை மருத்துவ இதழில் எழுதினார்கள், 1990-ல் அரசு அழகுப்பொருள்களில் ஹைட்ரோகுயினோனை அடியோடு தடை செய்தது. வெளுக்கும், நிறம் குறையும் என்று அட்டையில் எழுதுவதையும் தடுத்தது. நிறவெறி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், கறுப்பின உணர்வு இயக்கத்தினரும் மருத்துவர்களும் சேர்ந்து போராடிப் பெற்ற வெற்றி அது. நம் நாட்டில் அப்படியொரு மக்கள் போராட்டம் இன்னும் நடக்கவில்லை.

வேறு மருந்துகளும் வந்திருக்கின்றன. ஒன்று தேமலைப் பற்றிய ஆய்விலிருந்து வந்தது. முதுகிலும் மார்பிலும் வெளிறிய திட்டாக வரும் தேமலை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது தோலில் இயல்பாகவே வாழும் மலசேசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையின் வேலை. அந்தப் பூஞ்சை ஏன் தோலை வெளிறச் செய்கிறது என்று 1970-களில் இத்தாலிய ஆய்வாளர்கள் தேடினார்கள். அது உண்டாக்கும் அமிலங்கள் டைரோசினேஸைத் தடுக்கின்றன என்று கண்டார்கள். அந்தத் தேடலில் கிடைத்ததுதான் அசெலாயிக் அமிலம். இன்று மங்குக்கும் பருவுக்கும் தோல் மருத்துவர்கள் எழுதும் களிம்பு அது. கர்ப்பிணிக்கும் கொடுக்கக்கூடிய மருந்து என்பது அதன் தனிச்சிறப்பு.

டிரானெக்ஸாமிக் அமிலம் ரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரை. ஜப்பானில் 1979-ல் தடிப்பு நோய்க்காக ஒருவருக்கு அதைக் கொடுத்தபோது முகத்து மங்கு குறைந்ததை மருத்துவர் கவனித்தார். இன்று 250 மி.கி. மாத்திரையாக நாளைக்கு இருமுறை, சில மாதங்களுக்குத் தருகிறார்கள். பலன் உண்டு. ஆனால் இது உறைந்த ரத்தக்கட்டு கரைவதைத் தடுக்கும் மருந்து. கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. லேசர் சிகிச்சை விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படுகிறது. மாநிறத் தோலில் லேசரின் சூடே புதிய கறுப்பைக் கிளப்பும், மங்கும் திரும்பிவரும். மங்கில் அது முதல் சிகிச்சை அன்று.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மங்கு முழுதாகத் தீர்ந்துபோகும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல முடியாது. அடக்கலாம், நன்றாகவே அடக்கலாம். வெயிலிலிருந்து முகத்தைக் காக்காவிட்டால் திரும்பும். ஒரே வாரத்தில் போக்குகிறோம் என்று ஒருவர் சொன்னால் அவர் கையில் இருப்பது ஸ்டீராய்டாகவோ பாதரசமாகவோதான் இருக்கக் கூடும்.

மங்கென்று நினைத்து வருகிறவற்றில் பல மங்காக இருப்பதில்லை. கழுத்தைப் பாருங்கள். பின்கழுத்தும் அக்குளும் கறுத்து, தடித்து, வெல்வெட் துணிபோல மடிப்பு மடிப்பாக இருக்கும் பிள்ளைகளைக் குளியலறையில் அம்மாக்கள் நாரால் தேய்க்கிறார்கள். சரியாகக் குளிப்பதில்லை என்று திட்டும் விழுகிறது. பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அது அழுக்கே இல்லை. உடல் பருத்து, இன்சுலின் சரிவர வேலை செய்யாமல், ரத்தத்தில் இன்சுலின் ஏறிக்கிடக்கிறது. மிகுந்த இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிப் பெருகச் செய்கிறது, அதனால் கழுத்து கறுக்கிறது. நீரிழிவு பல ஆண்டுகளுக்கு முன்பே அனுப்பும் தகவல் அது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கெடுத்த பெரிய ஆய்வு 2023-ல் சொன்னது. அந்தப் பட்டியலில் சேராமல் பிள்ளையைத் தடுக்க, கழுத்தில் களிம்பு பூசிப் பயனில்லை. எடையைக் குறைக்க வேண்டும், சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். எடை குறைந்தால் கழுத்தும் தெளியும்.

கைவிரல் கணுக்கள் கறுத்திருந்தால் வேறு கதை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1963-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். விரல் கணுக்களிலும் கை, கால் புறங்களிலும் கறுப்பு ஏறுவது வைட்டமின் பி12 குறைபாட்டின் அடையாளம் என்றும், அந்த வைட்டமினைக் கொடுத்தால் கறுப்பு போய்விடுகிறது என்றும் காட்டினார்கள். தமிழ் மண்ணில் கண்ட இந்த உண்மை உலகத் தோல் மருத்துவப் பாடநூல்களில் இருக்கிறது. முட்டை, மீன், இறைச்சி எதுவும் சேர்க்காதவர்களும், வயிற்றில் உறிஞ்சும் கோளாறு உள்ளவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சில ஊசிகளில் தீரக்கூடியதற்கு ஆயிரக்கணக்கில் க்ரீம் வாங்குவது வீண்.

உள்ளங்கை ரேகைகள், ஈறு, பழைய தழும்புகள் எல்லாம் சேர்ந்து கறுத்து, எடை குறைந்து, களைப்பு மேலிட்டால் அட்ரீனல் சுரப்பியைச் சோதிக்க வேண்டும். லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-ல் விவரித்த நோய் அது. நம் நாட்டில் இன்றும் காசநோய் அந்தச் சுரப்பியைத் தாக்குவது உண்டு. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

2006-ல் சிக்குன்குனியா தமிழகத்தைப் புரட்டிப்போட்டபோது, காய்ச்சலும் மூட்டுவலியும் போன பிறகு பலருக்கு மூக்கு மட்டும் கறுத்துப்போனது. பயந்தார்கள். சில மாதங்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே தெளிந்தது.

வீட்டுப் பழக்கங்களால் வருபவையும் ஏராளம். பீர்க்கங்காய் நாரும் நைலான் துண்டும் போட்டு முதுகையும் தோள்பட்டையையும் அன்றாடம் அழுத்தித் தேய்த்தால் எலும்பு துருத்தும் இடங்களில் கறுப்பு ஏறும். ஜப்பானில் 1980-களில் நைலான் துண்டால் வந்த கறுப்பை நோயாகவே பதிவு செய்திருக்கிறார்கள். தேய்ப்பதை நிறுத்துவதே மருந்து. எலுமிச்சைச் சாறு முகத்தை வெளுக்கும் என்று சொல்லிப் பூசிக்கொண்டு வெளியே போகிறவர்கள், மறுநாள் கொப்புளத்தோடும் பிறகு பல வாரம் போகாத கறுப்போடும் வருகிறார்கள். எலுமிச்சையில் உள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள்கள் வெயில் பட்டவுடன் தோலைப் பொசுக்குகின்றன. தலைச்சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற பொருள் ஒவ்வாதவர்களுக்கு நெற்றியோரமும் காதோரமும் கறுக்கும். மீசைக்குச் சாயம் பூசும் ஆண்களுக்கு வாயைச் சுற்றிக் கறுக்கும். சாயம் கலந்த மலிவுக் குங்குமத்தால் நெற்றி நடுவில் கறுப்பது இன்னொரு வகை. இவற்றிலெல்லாம் களிம்பு இரண்டாம் பட்சம், காரணத்தை விலக்குவது முதல் வேலை.

கறுப்பதுபோலவே வெளுப்பதும் உண்டு. வெளிறிய திட்டு ஒன்று தோன்றினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அங்கே உணர்ச்சி இருக்கிறதா? பஞ்சை வைத்துத் தொட்டால் தெரியவில்லை, சூடு தெரியவில்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகும் நோய் அது. உணர்ச்சி நன்றாக இருந்து, திட்டு பால்வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் வெண்புள்ளி. உலக மக்களில் 0.5 முதல் 2 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்புச் செல்களே மெலனோசைட்டுகளைப் பகையென்று எண்ணி அழித்துவிடுவதால் வருவது. தொட்டால் ஒட்டாது, குழந்தைக்கு வந்தே தீரும் என்றும் இல்லை. தைராய்டு கோளாறு கூடவே வருவது உண்டு என்பதால் அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். 1993-ல் மைக்கேல் ஜாக்சன் தொலைக்காட்சிப் பேட்டியில் தனக்கு நிறமியை அழிக்கும் தோல்நோய் இருப்பதாகச் சொன்னபோது உலகம் நம்பவில்லை. 2009-ல் அவர் இறந்தபின் பிரேதப் பரிசோதனை அறிக்கை அது வெண்புள்ளிதான் என்று உறுதி செய்தது. அவர் மறைந்த ஜூன் 25-தான் இன்று உலக வெண்புள்ளி நாள்.

வெண்புள்ளிக்கு மருந்தே இல்லை என்பது பழைய பேச்சு. சித்த மருத்துவத்தில் கார்போக அரிசி பல நூற்றாண்டுகளாகத் தோல்நோய்க்குப் பயன்பட்டுவருகிறது. அதில் இருப்பது சோராலன், எலுமிச்சையில் இருந்து தோலைப் பொசுக்குவதாகச் சொன்னோமே, அந்தப் பொருள்களின் குடும்பம்தான். எகிப்தில் 1940-களில் அப்துல் மோனிம் எல் மோஃப்தி, நைல் கரையில் விளையும் ஒரு செடியிலிருந்து எடுத்த சோராலனைக் கொடுத்து வெயிலில் நிறுத்தி வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்தார். இன்று அதைவிடப் பாதுகாப்பானது வந்துவிட்டது. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி மட்டும் தரும் விளக்குப்பெட்டிக்குள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சில நிமிடங்கள் நிற்க வேண்டும். பொறுமை தேவை, பல மாதங்கள் ஆகும். முகத்திலும் கழுத்திலும் நிறம் நன்றாகத் திரும்பும். விரல் நுனியிலும் உதட்டிலும் எளிதில் திரும்பாது. ஓராண்டுக்குமேல் பரவாமல் நின்ற திட்டுகளில், நல்ல தோலிலிருந்து செல்களை எடுத்து நடும் அறுவைசிகிச்சையை இந்திய மருத்துவர்கள் திறம்படச் செய்கிறார்கள். எதிர்ப்புச் செல்களை அடக்கும் ருக்ஸோலிடினிப் களிம்புக்கு 2022 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

வெண்திட்டு எல்லாமே உடலுக்குள்ளிருந்து வருவதும் இல்லை. நெற்றியில் ஒட்டுப்பொட்டு இருந்த இடம் பொட்டின் அளவுக்கே வெளுத்துப்போவதைப் பல பெண்கள் கண்டிருப்பார்கள். பொட்டின் பசையில் உள்ள ஒரு வகை ஃபீனால் நிறமிச் செல்களைக் கொல்கிறது என்று அலகாபாத் மருத்துவர்கள் 1990-ல் காட்டினார்கள். ரப்பர் செருப்பு வாரின் தடத்திலும் இதேபோல வெளுக்கும். இதைவிடப் பெரிய பாடம் ஜப்பானிலிருந்து வந்தது. 2013 ஜூலையில் கானெபோ நிறுவனம் முகம் வெளுக்கும் 54 பொருள்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அவற்றில் இருந்த ரோடோடென்ட்ரால், அரசின் அனுமதி பெற்ற பொருள். டைரோசினேஸைத் தடுக்கப் போட்டது, மெலனோசைட்டையே கொன்றுவிட்டது. 19,000-க்கும் மேற்பட்டோருக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்திட்டு விழுந்தது. சிவப்பாவதற்குப் பூசியது வெண்திட்டில் முடிந்தது.

நமக்கு மிக அருகில், கேரளத்தில் நடந்ததைச் சொல்லாமல் இந்த உரை முடியாது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு வகை நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர், நோய் வருமுன் சிவப்பழகு க்ரீம் பூசியதாக ஒப்புக்கொண்டார்கள். க்ரீமில் பாதரசம். டைரோசினேஸின் செம்பு இருக்கும் இடத்தில் பாதரசம் புகுந்துகொண்டு நொதியைச் செயலிழக்கச் செய்கிறது, முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தைத் துளைக்கிறது. பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குமேல் பாதரசம் உள்ள அழகுப்பொருள்களை 2020-க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்றது. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. இருந்தும் தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லாத டப்பாக்கள் இன்னும் கடைகளிலும் இணையத்திலும் விற்பனையாகின்றன. அழகுநிலையங்களில் ரத்தக்குழாயில் ஏற்றும் குளூட்டாதயோன் ஊசிக்கும், நிறம் குறைக்கவென்று நம் நாட்டில் எந்த அனுமதியும் இல்லை.

இந்த டப்பாவை வாங்க வைப்பது எது? 1975-ல் ஒரு பெரிய நிறுவனம் ஒரு சிவப்பழகு க்ரீமை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, சிவந்தால் எல்லாம் நடக்கும் என்று ஒரு தலைமுறை விளம்பரம் பார்த்து வளர்ந்தது. 2020-ல் அந்த க்ரீமின் பெயரிலிருந்து சிவப்பைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டார்கள். சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-லேயே கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதற்கு முகமாக நின்றார். ஆனால் பெண் பார்க்கப் போகும் வீட்டில் இன்றும் நிறத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். மருத்துவமனையில் ஸ்டீராய்டால் கெட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நோய் அந்த விசாரிப்பில்தான் தொடங்குகிறது. இதில் வீட்டுப் பெரியவர்களின் பங்கு களிம்பு விற்றவரின் பங்கைவிடக் குறைந்தது அன்று.

அவையில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இன்று வீட்டுக்குப் போனதும் முகத்துக்குப் பூசும் ட்யூபை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மோமெட்டாசோன், பீட்டாமெத்தாசோன், க்ளோபெட்டாசால், ஃப்ளூசினோலோன் என்று '-சோன்', '-சால்', '-லோன்' ஒலியில் முடியும் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. பல மாதம் பூசியிருந்தால் திடீரென்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். அந்த ட்யூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், படிப்படியாக நிறுத்த அவர் வழி சொல்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. தயாரித்தவர் பெயர் இல்லாத டப்பாவானால் இன்றே நிறுத்துங்கள், மருத்துவரிடம் சொல்லிச் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கழுத்து கறுத்த பிள்ளையை இனிமேல் நாரால் தேய்க்காதீர்கள், சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.